சரிங்க என்றால் இரண்டு விசில்

அண்ணா,

இன்று மத்தியானம் காங்கேயம் பஸ் நிலையத்தில் நிழலுக்கு ஒதுங்கி நின்றிருந்தேன். என் பஸ் வர நேரம் இருந்தது. எதிரே ஒரு பஸ் வந்து நின்றது. அதன் நெற்றியில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், நடுவில் க. கொ. அடுத்து டு. அடுத்து மு. பிறகு டி. எல்லாவற்றையும் சேர்த்து வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். கொடுமுடி. உங்கள் ஊர்.

பக்கத்தில் நின்ற அம்மாவிடம், "ஏனுங்க, இது கொடுமுடி வண்டிங்களா?" என்று கேட்டேன். சந்தேகத்தில் கேட்கவில்லை. நான் படித்தது சரி என்று இன்னொருவர் வாயால் கேட்க ஆசை.

"ஆமாங்க. ஏறுறீங்களா?"

"இல்லீங்க. சும்மா படிச்சுப் பார்த்தனுங்க."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார். கண்டக்டர் இரண்டு விசில் அடித்தார். பஸ் நகர்ந்தது. அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் உங்கள் முகம் எதிரே வந்து நின்றது. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. எனக்கு எழுத வந்தது அதற்குப் பிறகுதான். அதனால் நீங்கள் இருந்தபோது உங்களுக்கு ஒரு வரிகூட எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன். மெதுவாகத்தான் வருகிறது. ஒரு வரி முடிந்ததும் சத்தமாகப் படித்துப் பார்க்கிறேன். நான் நினைத்தது காகிதத்திலிருந்து எனக்கே திரும்பி வருகிறது. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். உங்களைப் பற்றி எழுதும்போது சந்தோஷப்படலாமா என்று ஒரு கூச்சமும் இருக்கிறது. நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

கோயமுத்தூரில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் நான் சேர்ந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். இடது காலில் சுண்டுவிரலை ஒட்டி ஒரு புண். முள் ஏறியதா, கல் குத்தியதா, எனக்கே தெரியாது. செருப்பில் ஈரம் இருக்கிறதே என்று குனிந்து பார்த்தபோதுதான் கண்டேன். அதற்குள் விரல் கறுத்துவிட்டது. மகன் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தான். மருமகள்தான் கொண்டுவந்து சேர்த்தாள். வீட்டையும் மாட்டையும் பார்க்க ஆளில்லாததால் அவளால் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வந்து போக முடிந்தது.

அடுத்த கட்டிலில் நீங்கள். உங்களுக்கும் சர்க்கரைதான். பெருவிரலை எடுத்துவிட்டு வெள்ளைக் கட்டுப் போட்டுக் காலைத் தலையணை மேல் வைத்திருந்தீர்கள். நான் படுத்ததும், "ஏனுங்க, தண்ணி வேணுங்களா?" என்றீர்கள். நான் எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

அதற்குக் காரணம் உண்டு. நான் சின்ன வயதிலிருந்தே பண்ணயத்தில் தோட்டத்து ஆளாக இருந்தவன். தோட்டத்துக்குச் சொந்தக்காரரைப் பண்ணாடி என்போம். அவர் வாயில் எனக்கு ஒரே பெயர், டேய். என் வாயில் அவருக்கு ஒரே பதில், சரிங்க. தண்ணீர் கட்டச் சொன்னாலும் சரிங்க. கட்டிய தண்ணீரை நிறுத்தச் சொன்னாலும் சரிங்க. காரணமே இல்லாமல் திட்டினாலும் சரிங்க. ஒத்துக்கொள்கிறேன் என்பது அதற்குப் பொருள் இல்லை அண்ணா. நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது, அவ்வளவுதான். ஒத்துக்கொள்கிறாயா என்று எங்களை யாரும் கேட்டதில்லை. அதனால் அதற்கென்று தனியாக ஒரு சொல் எங்களுக்குத் தேவைப்படவும் இல்லை.

ங்க போட்டுப் பேசுவது எனக்குப் பழக்கம்தான். வாழ்நாளெல்லாம் போட்டிருக்கிறேன். ஆனால் எனக்கு முன்பின் தெரியாத ஒருவர் என்னிடம் ங்க போட்டுப் பேசினது உங்கள் வாயில்தான் முதலில் நன்றாகக் காதில் விழுந்தது. உங்களுக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றியிருக்காது. காங்கேயத்துக்கும் கொடுமுடிக்கும் நடுவே தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர் நீங்கள். ஏறுகிறவர் எல்லாருக்கும் ஒரே ங்க. தண்ணீரை வாங்கிக் குடித்தேன். தாகம் இல்லை. ஆனாலும் குடித்தேன்.

மறுநாள் காலையில் பெரிய டாக்டர் வந்தார். கூடவே படிக்கிற டாக்டர்கள் சிலரும் வந்தார்கள். கட்டைப் பிரித்தார்கள், பார்த்தார்கள், தங்களுக்குள் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். பிறகு பெரிய டாக்டர் என்னிடம் தமிழிலும் நிறையச் சொன்னார். ரத்தம் ஓடவில்லை, விஷம் ஏறுகிறது என்றெல்லாம் சொன்னார். எனக்கு அதில் பாதி பிடிபடவில்லை. கடைசியாக, "எடுத்துரலாங்களா?" என்றார்.

"சரிங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். சாயங்காலம் நர்ஸ் அம்மா வந்தார். "பெரியவரே, நாளைக்குக் காலையில ஒண்ணும் சாப்பிடக் கூடாது. பச்சத் தண்ணி கூடக் கூடாது. உங்க மருமகளுக்குப் போன் பண்ணிச் சொல்லியாச்சு."

"சரிங்க. அவ என்ன சொன்னாளுங்க?"

"மாமா ஒத்துக்கிட்டாருன்னா சரிங்கன்னாங்க."

நர்ஸ் அம்மா போனதும் நீங்கள் என் பக்கம் திரும்பிப் படுத்தீர்கள்.

"ஏனுங்க, உங்களுக்கு நாளைக்கு என்ன பண்றாங்கன்னு தெரியுங்களா?"

"என்னமோ எடுக்கோணும்னாருங்க. சீழ எடுப்பாங்களா இருக்குமுங்க."

நீங்கள் முழங்கையை ஊன்றி என் பக்கம் சாய்ந்தீர்கள். பிறகு மெதுவாகச் சொன்னீர்கள். "சீழ் இல்லீங்க. காலு. முட்டிக்குக் கீழ."

போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தேன். முட்டிக்குக் கீழே எவ்வளவு இருக்கிறது என்று அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். எனக்கு இருந்த ஒரே சொத்து அதுதான் அண்ணா. நிலம் இல்லாதவனுக்கு நடைதான் நிலம். இந்த வயதிலும் காலையில் மாட்டை ஓட்டிக்கொண்டு போவேன், சாயங்காலம் ஓட்டிக்கொண்டு வருவேன். மருமகள் என்னைச் சோற்றுக்கு உட்காரச் சொன்னால், உழைத்துவிட்டு உட்காருகிறோம் என்ற நிம்மதியில் உட்காருவேன். அதுவும் போனால் நான் யார்?

"அவங்களே முடிவு பண்ணிட்டாங்கன்னா நாம என்னங்ணா பண்றது" என்றேன்.

"அவங்க எங்கீங்க பண்ணுனாங்க? டாக்டர் கேட்டாரு. நீங்க சரிங்கன்னீங்க."

"அது சும்மா சொல்றதுங்ணா. காதுல விழுந்துச்சுன்னு."

"அது உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியோணுமே!"

அப்போதுதான் நீங்கள் பஸ் கதையைச் சொன்னீர்கள். "வண்டி எப்ப நகருமுங்க? டிரைவரு எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலுஞ் சரி, நான் ரெண்டு விசில் அடிச்சாத்தான் நகரும். ஒரு விசில் அடிச்சா நின்னே ஆவோணும். நீங்க காத்தால டாக்டருக்கு ரெண்டு விசில் அடிச்சுப்போட்டீங்க. அவரு வண்டிய எடுத்துட்டாரு. அவரு மேல தப்பில்லீங்க. நாளைக்கு ஒரு விசில் அடிங்க. வண்டி நிக்கட்டும். நின்னதுக்கப்புறம் எறங்கறதா, கூடப் போறதான்னு பொறுமையா பாருங்க."

"பெரிய டாக்டருங்களாச்சே. எப்படீங்ணா அவர நிறுத்தச் சொல்றது? மருவாதியா இருக்காதே."

நீங்கள் சிரித்தீர்கள். "மருவாதி வேற, சம்மதம் வேறங்க. ஒரு நாளு பெரிய தோட்டத்துக்காரர் ஒருத்தரு ஏறுனாரு. என்ற தோட்டத்து முன்னால நிறுத்துன்னாரு. அங்க நிக்காதுங்கன்னேன். நான் யாருன்னு தெரியுமான்னாரு. தெரியுமுங்க, அங்க நிக்காதுங்க. உன்ற மொதலாளிகிட்டச் சொல்லட்டுமான்னாரு. சொல்லுங்க, அங்க நிக்காதுங்க. வண்டியில இருந்தவங்க அத்தன பேரும் சிரிச்சுப்போட்டாங்க. அவரு ஸ்டாப்புல எறங்கி நடந்து போனாரு. நான் சத்தமும் போடல, கெஞ்சவும் இல்ல. ஒரு ங்க கூடக் கொறைக்கலீங்க."

ங்க போட்டுக்கொண்டே முடியாது என்று சொல்லலாம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த எழுத்து குனிவதற்கு மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

பிறகு என்னை வைத்துப் பழக்கினீர்கள். துண்டைக் கழுத்தில் மாலை மாதிரிப் போட்டுக்கொண்டு, கட்டுப் போட்ட காலைத் தொங்கவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தீர்கள். குரலைத் தடிமனாக்கி, "என்ன பெரியவரே, எடுத்துரலாங்களா?" என்றீர்கள்.

"சரிங்க" என்றேன்.

"போச்சு, ரெண்டு விசில்!" என்று தலையில் அடித்துக்கொண்டீர்கள். மறுபடியும் கேட்டீர்கள். மறுபடியும் அந்தச் சொல்லே வந்தது. எதிர்க் கட்டிலில் இடுப்பு ஒடிந்து படுத்திருந்தவர், "ஏனுங் கண்டக்டரே, அவருக்குக் காலுல ஒண்ணுமில்லீங்க. நாக்குலதான் கோளாறு. அத எடுக்கச் சொல்லுங்க" என்றார். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. நீங்கள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தீர்கள்.

அந்த நேரம் டீக்காரர் கேனோடு வந்தார். எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றப் போனார். சர்க்கரை போட்ட டீ. வேண்டாம் என்று சொல்லச் சங்கடப்பட்டு முதல் நாள் வாங்கி, அவர் போனதும் கைகழுவும் தொட்டியில் ஊற்றியிருந்தேன். நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"வேண்டாமுங்க" என்றேன்.

"சரிங் தாத்தா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். வேறு ஒன்றும் நடக்கவில்லை. அவர் முகம்கூட வாடவில்லை. ஒரு வேண்டாமுக்குப் பின்னால் உலகம் அப்படியே இருந்தது. அது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

காலையில் டாக்டர் வந்தார். நர்ஸ் அம்மா ஒப்புதல் தாளையும் ரேகை வைக்கும் மையையும் கையில் வைத்திருந்தார். "என்ன பெரியவரே, போலாங்களா?" என்றார் டாக்டர். முந்தின நாள் நீங்கள் பேசிக் காட்டிய அதே குரல். நாக்கு தானாக அந்தச் சொல்லை எடுத்துவிட்டது. பல்லைக் கடித்தேன்.

"கொஞ்சம் நில்லுங்க" என்றேன்.

அவர் நின்றார்.

"எனக்கு ஒண்ணும் புரியலீங்க. நேத்து நான் சரிங்கன்னது, நீங்க சொன்னது காதுல விழுந்துச்சுன்னு சொன்னதுங்க. ஒத்துக்கிட்டது இல்லீங்க."

படிக்கிற டாக்டர்களில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். பெரிய டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "நேத்தே எல்லாம் சொன்னனே பெரியவரே. ஆபரேஷன் தியேட்டர்லயும் சொல்லியாச்சு. உங்க மருமகளும் ஒத்துக்கிட்டாங்க."

"சொன்னீங்க. எனக்குப் புரியலீங்க."

"தள்ளிப்போட்டா உங்களுக்குத்தான் ஆபத்து."

"சரி..." என்று ஆரம்பித்துவிட்டேன். அதை விழுங்கினேன். "இருக்கட்டுமுங்க. எனக்குப் புரியிற மாதிரி ஒருக்காச் சொல்லுங்க. அப்புறம் நான் சொல்றனுங்க."

கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டேன். உங்கள் கட்டில் பக்கம் பார்த்தேன், ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்க மாட்டீர்களா என்று. நீங்கள் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறவர் மாதிரிப் படுத்திருந்தீர்கள். வயிறு மட்டும் வேகமாக ஏறி இறங்கியது.

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இதுவரை எந்த டாக்டரும் என் எதிரே உட்கார்ந்ததில்லை. காலை எடுத்துவிட்டால் விஷம் ஏறாது, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்றார். இன்னொரு வழியும் இருக்கிறதாம். ரத்தக் குழாயின் அடைப்பை முதலில் நீக்கி, கெட்டுப்போன இரண்டு விரலையும் சதையையும் மட்டும் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் மாதக் கணக்கில் கட்டு மாற்ற வேண்டும். சொன்னபடி கேட்க வேண்டும். ஆறாவிட்டால் கடைசியில் காலைத்தான் எடுக்க வேண்டும். "நீங்க தூரத்துல இருக்கறீங்க, பையனும் ஊர்ல இல்ல, இதெல்லாம் முடியாதுன்னு நெனச்சேன். அதான் எடுத்துரலாங்களான்னு கேட்டேன். நீங்களும் சரின்னீங்க" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை.

"ஆறுறதுக்கு வழி இருக்குதுங்களா?"

"பாதிக்குப் பாதி."

"அந்தப் பாதிய எனக்குக் குடுங்க. சொன்னபடி கேக்கறனுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு நர்ஸ் அம்மாவிடம் அந்தத் தாளை மாற்றி எழுதிக்கொண்டு வரச் சொன்னார். புதுத் தாள் வந்ததும், "அதப் படிச்சுக் காட்டுங்க அம்மிணி" என்றேன். அவர் முழுவதும் படித்தார். ரேகை வைத்தேன். கட்டைவிரலில் மை பட்டபோது, இதை நானே படித்திருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். எழுத்துப் படிக்க வேண்டும் என்ற ஆசை அங்கேதான் பிறந்தது.

எல்லாரும் போன பிறகு துண்டை எடுத்தீர்கள். "ஏனுங்ணா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?" என்று கேட்டேன்.

"நான் சொல்லியிருந்தா அது என்ற விசிலுங்க, உங்களுது இல்லீங்க" என்றீர்கள்.

இரண்டு விரல் போயிற்று. கால் இருக்கிறது. நன்றாகவே நடக்கிறேன்.

ஆனால் அண்ணா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த வார்டில் எல்லாருக்காகவும் பேசினீர்கள். காற்றாடி ஓடவில்லை என்றால் நீங்கள்தான் சொல்வீர்கள். எதிர்க் கட்டில்காரருக்கு வலி மருந்து தாமதமானால் நீங்கள்தான் மணியடிப்பீர்கள். ஆனால் உங்கள் கட்டை மாற்றும்போது கட்டில் கம்பியைப் பிடித்த உங்கள் கை வெளுத்துப்போவதை நான் பார்த்திருக்கிறேன். நர்ஸ் அம்மா, "வலிக்குதுங்களா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்பீர்கள். அண்ணி சாப்பாடு கொண்டுவந்து, "மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?" என்று கேட்டால், "வெக்கை" என்பீர்கள்.

நான் ஒருநாள் கேட்டேன். "எனக்கு அத்தன சொன்னீங்க. நீங்க ஏனுங்ணா சொல்ல மாட்டேங்கறீங்க?"

"கண்டக்டருக்கு ஏதுங்க டிக்கெட்டு?" என்று சொல்லிச் சிரித்தீர்கள். நானும் அதை வேடிக்கை என்றுதான் நினைத்தேன்.

நீங்கள் வீட்டுக்குப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊட்டுப் பக்கம் வாங்க. ஆத்துல தண்ணி வரும்போது வாங்க" என்றீர்கள். வருகிறேன் என்றேன். புண் ஆறட்டும், மழை நிற்கட்டும் என்று நாள் ஓடியது. நான் வந்தபோது உங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது.

அண்ணி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், நான் காலைக் காட்டாமலே, "காலு நல்லாருக்குதுங்களா தம்பி? உங்களப் பத்தித்தான் சொல்லிட்டே இருப்பாரு. எங்க வார்டுல ஒருத்தரு டாக்டரையே நிறுத்திப்போட்டாருன்னு" என்றார். பிறகு அழுதார். அழுதுகொண்டே சொன்னார். கடைசி நாட்களில் உங்களுக்குப் படுத்தால் மூச்சு வாங்கியதாம். நாற்காலியைக் கதவோரம் போட்டு உட்கார்ந்தபடியே தூங்கினீர்களாம். ஏன் என்று கேட்டால் காற்று வேண்டும் என்றீர்களாம். டாக்டரிடம் போகலாமா என்று மகன் கேட்டபோது, "ஒண்ணுமில்ல, நீ வேலைக்குக் கிளம்பு" என்று அனுப்பிவிட்டீர்களாம். அன்றைக்குச் சாயங்காலமே அந்த நாற்காலியில் தலை சாய்ந்துவிட்டதாம்.

"ஊருக்கெல்லாம் பேசுனாரே தம்பி. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தாருன்னா தூக்கிட்டு ஓடியிருப்பனே. நான் என்ன அன்னியமா?"

அண்ணி கேட்டதைத்தான் நானும் உங்களிடம் கேட்கிறேன். அண்ணி பயந்துவிடுவார் என்றா? மகனுக்கு ஒரு நாள் கூலி போகும் என்றா? வாழ்நாளெல்லாம் அத்தனை பேரை ஏற்றி இறக்கிவிட்டு நின்றுகொண்டே வந்தவருக்கு, நமக்கும் ஒரு இடம் உண்டு என்று தோன்றவே இல்லையா? பண்ணாடி முன்னால் நான் வாய் திறக்காதது பயத்தால். உங்களுக்கு யாரிடமும் பயம் இல்லை. உங்களை அடைத்தது பிரியம். பயத்தால் அடைத்த வாயைத் திறக்க உங்களுக்குத் தெரிந்திருந்தது. பிரியத்தால் அடைத்த வாயைத் திறக்க நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

உங்கள் காரியம் முடிந்து வந்த பிறகுதான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்பில் சேர்ந்தேன். எங்களைப் போன்ற வயதானவர்களுக்கான வகுப்பு. டீச்சர் என் பேத்தி வயதுப் பெண். பலகையில் ஒவ்வொரு எழுத்தாக எழுதி, அதில் ஆரம்பிக்கிற ஒரு சொல்லைச் சொல்வார். ங வந்ததும், "இதுல ஆரம்பிக்கிற சொல்லு பெருசா ஒண்ணும் இல்லீங்க. இந்த எழுத்துக்கு அவ்வளவா வேலை இல்ல. அடுத்ததுக்குப் போலாம்" என்றார்.

நான் கையைத் தூக்கினேன். "நில்லுங்க டீச்சர்."

"என்னங் தாத்தா?"

"இப்ப நீங்க இல்லீங்கன்னீங்களே, அதுல இருக்கறது எந்த எழுத்துங்க?"

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பலகையில் பெரிதாக ங் போட்டு, பக்கத்தில் க போட்டார். ங்க. வகுப்பு முழுக்க அதைச் சொல்லிப் பார்த்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒரு பக்கம் முழுக்க அதையே எழுதினேன். சரிங்க. இல்லீங்க. வேண்டாமுங்க. நிக்காதுங்க.

இவ்வளவும் எழுதச் சில மத்தியானங்கள் ஆகிவிட்டன. வீட்டில் யாருக்கும் நான் என்ன எழுதுகிறேன் என்று தெரியாது. மகன் நேற்றுத்தான் வடக்கேயிருந்து வந்தான். இந்தக் கடைசிப் பகுதியை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்து, அண்ணி சொன்ன இடத்துக்கு வந்தபோது என் கண் வலது காலில் போய் நின்றது. குதிகாலில், மிளகு அளவில், ஒரு கறுப்புப் புள்ளி. கொஞ்ச நாளாகவே இருக்கிறது. தினமும் பார்ப்பேன், பார்த்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொள்வேன். மகன் அலுத்துப்போய் வந்திருக்கிறான், இரண்டு நாள் தூங்கட்டும், அவன் கிளம்பிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். மருமகளிடம் சொன்னால் அவள் பயந்து அவனை எழுப்பிவிடுவாள் என்று அவளிடமும் சொல்லவில்லை. உங்களைக் கேட்ட கேள்விகள் எதிரே காகிதத்தில் கிடந்தன. பேனாவை மூடி வைத்தேன்.

மருமகள் வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மிணி, கொஞ்சம் இங்க வா கண்ணு."

"வாரனுங் மாமா."

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். காலை நீட்டிக் காட்டினேன். அவள் தரையில் உட்கார்ந்து, குதிகாலைத் தன் மடியில் எடுத்து வைத்து, புள்ளியைச் சுற்றி விரலால் அழுத்திப் பார்த்தாள். அவள் விரல் படுவது கண்ணுக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை.

"வலிக்குதுங்களா மாமா?"

இல்லை என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். அது பொய்யும் இல்லை. அவளும் நிம்மதியாகத் துணி காயப் போடப் போயிருப்பாள். ஆனால் இந்த நோய்க்காரன் காலில் வலி இருந்தால் நல்லது, வலி இல்லாத புண்தான் கெட்டது என்று கட்டு மாற்றும்போதெல்லாம் அந்த டாக்டர் சொல்வார். அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

"வலிக்கல அம்மிணி" என்றேன். "அதுதான் எனக்குப் பயமா இருக்குது."

பயமாக இருக்கிறது என்று நான் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை அண்ணா. என் மனைவி இருந்தவரை அவளிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னதும் மருமகள் பயந்துவிடவில்லை, அழவும் இல்லை. என் காலை மடியிலிருந்து இறக்காமலே வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏனுங்க, எந்திரிங்க. மாமாவக் கூட்டிட்டுப் போவோணும்."